பிறர் நிலத்தில் நம் பாதை

இங்கிலாந்தின் நாட்டுப்புறம் என்றால் நம் கண்முன் வருபவை கட்டடங்கள். தேன் நிறக் கல் வீடுகள், வைக்கோல் வேய்ந்த கூரைகள், சதுரக் கோபுரம் கொண்ட சிறிய தேவாலயம், அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம் என்று திரைப்படங்களும் சுற்றுலா விளம்பரங்களும் பதியவைத்த காட்சிகள் அவை. அவற்றைவிட முக்கியமான ஒரு மரபுச் செல்வம் அந்த மண்ணில் இருக்கிறது. புகைப்படத்தில் எடுபடாது என்பதால் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வயலின் குறுக்கே, மேய்ச்சல் நிலத்தின் ஓரமாக, சில இடங்களில் பண்ணை வீட்டின் முற்றத்தை ஒட்டியே செல்லும் ஒற்றையடிப் பாதைதான் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இத்தகைய பொதுவழிகளின் நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். பூமியை ஐந்து முறைக்கு மேல் சுற்றிவரும் தூரம். பெரும்பாலும் தனியார் நிலத்தில் கிடக்கும் இந்தப் பாதைகளில் யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், யாரையும் கேட்காமல், காசு கொடுக்காமல் நடக்கலாம். பழமையைக் காப்பது ஒரு வேலை. காத்ததை எல்லாருக்கும் உரியதாக்குவது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்ததில் செல்வந்தர்களுக்கும் அறிஞர்களுக்கும் அரசுக்கும் பெரும் பங்கு உண்டு. இரண்டாவதைச் செய்தது இந்தப் பாதைதான் என்பதும், அந்தப் பாதையைக் காத்தவர்கள் அதில் நடந்துபோன சாதாரண மக்கள் என்பதும்தான் இக்கட்டுரையின் வாதம்.

பாதையின் சட்ட நிலையை முதலில் புரிந்துகொள்வது நல்லது. நிலம் உரிமையாளருடையது. அதில் விளைவதும் அவருடையது. விற்கவும் அடமானம் வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அதன் வழியே போய்வரும் உரிமை பொதுமக்களுடையது. நிலம் எத்தனை முறை கைமாறினாலும் அந்த உரிமை அப்படியே இருக்கும். சட்டத்தின் பார்வையில் வயல் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையும் நெடுஞ்சாலை வகையைச் சேர்ந்ததுதான். லண்டனிலிருந்து புறப்படும் பெருஞ்சாலையை ஒருவர் தம் விருப்பத்துக்கு அடைக்க முடியாததுபோல இதையும் அடைக்க முடியாது. நடப்பவர்களுக்கு மட்டுமான வழியை மஞ்சள் அம்புக்குறி காட்டும்; குதிரையும் சைக்கிளும் போகக்கூடிய வழியை நீல அம்புக்குறி காட்டும். ஆர்டினன்ஸ் சர்வே என்னும் அரசு நில அளவை நிறுவனத்தின் 1:25,000 வரைபடங்களில் இவை பச்சை நிறத்தில் விட்டுவிட்டு வரும் கோடுகளாக இருக்கும். வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறி இறங்குவதற்கு மரப்படி வைத்த கடவு இருக்கும். அல்லது, ஆள் நுழையலாம், ஆடு மாடு நுழைய முடியாது என்பதுபோல, அரைவட்ட அடைப்புக்குள் ஆடும் சிறிய கதவு இருக்கும். அந்தக் கடவையும் கதவையும் பழுதில்லாமல் வைத்திருப்பது நில உரிமையாளரின் பொறுப்பு. அதற்கான செலவில் குறைந்தது கால்பங்கை உள்ளூர் நிர்வாகம் ஏற்க வேண்டும்.

கற்களுக்குள் ஒரு கிராமம்

இந்த உரிமை நடைமுறையில் எதைத் தருகிறது என்பதற்கு ஒரே ஒரு வட்டப்பாதையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவ்பரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய வரலாற்றுக்கு முந்தைய கல்வட்டம் இங்கேதான் இருக்கிறது. ஊரின் ஒரு பகுதி அந்த வட்டத்துக்குள்ளேயே அமைந்திருக்கிறது. சுமார் கி.மு. 2850க்கும் 2200க்கும் இடையில் படிப்படியாக எழுந்தது இது. வெளியே ஒரு கிலோமீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மண்கரை, உள்ளே ஆழமான அகழி, அதற்குள் ஒரு காலத்தில் ஏறத்தாழ 100 கற்கள் நின்ற பெருவட்டம், அதனுள் இரண்டு சிறு வட்டங்கள். அகழியை மான்கொம்பால் கொத்தித் தோண்டினார்கள். ஊரின் பழைய வீட்டுச் சுவர்கள் சிலவற்றை அருகில் நின்று பார்த்தால் கரடுமுரடான சாம்பல் நிறக் கல்துண்டுகள் தெரியும். அவை கல்வட்டத்தின் கற்களேதான். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஊரார் கல்லைச் சுற்றித் தீ மூட்டிச் சூடேற்றி, குளிர்ந்த நீரை ஊற்றி, சம்மட்டியால் அடித்துப் பிளந்து வீடு கட்டினார்கள். இந்த அழிவை 1720களில் வில்லியம் ஸ்டூக்லி என்ற ஆய்வாளர் நேரில் பார்த்துக் குறித்துவைத்தார். நின்றிருக்கும் கல்லையும் சுவரான கல்லையும் ஒரே பார்வையில் காணும்போதுதான் இந்த ஊரின் கதை முழுமையாகப் புரிகிறது.

ஊரிலிருந்து தெற்கே, கென்னட் ஆற்றின் சிறு கிளையை ஒட்டிப் பாதை போகிறது. சற்று நேரத்தில் எதிரே ஒரு பச்சைக் குன்று எழுகிறது. இயற்கையானது போலத் தெரியும் சில்பரி என்ற அந்தக் குன்று முழுக்க முழுக்க மனிதக் கைகள் குவித்தது. சுமார் 30 மீட்டர் உயரமும் 160 மீட்டர் அகலமும் கொண்ட இது, ஐரோப்பாவின் வரலாற்றுக்கு முந்தைய செயற்கைக் குன்றுகளில் மிகப் பெரியது. கி.மு. 2400ஐ ஒட்டி ஐந்து லட்சம் டன் அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லையும் மண்ணையும் எதற்காகக் குவித்தார்கள் என்பதற்கு இதுவரை உறுதியான விடை இல்லை. உள்ளே கல்லறை எதுவும் கிடைக்கவில்லை. சாலையைக் கடந்து எதிர்ச் சரிவில் ஏறினால் வெஸ்ட் கென்னட் நெடுங்கல்லறை. ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள இந்த மேடு சுமார் கி.மு. 3650இல், அதாவது சில்பரிக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக, கட்டப்பட்டது. அதன் கல்லறைகளில் 36 பேருக்குக் குறையாமல் அடக்கம் செய்திருந்தார்கள். வாயிலில் பெருங்கற்கள் நிற்கின்றன. உள்ளே குனிந்து நுழையலாம். கட்டணமும் இல்லை, காவலரும் இல்லை. கோதுமை வயல்களின் நடுவே செல்லும் பாதையே அதன் நுழைவுவழி.

அங்கிருந்து கிழக்கே ஈஸ்ட் கென்னட் என்ற சிற்றூரைத் தாண்டினால் ஓவர்ட்டன் குன்று. அங்கே ‘சேங்சுவரி’ எனப்படும் இடத்தில் மரத்தூண்களும் கற்களும் வட்டமாக நின்றிருந்தன. 1720களில் அதுவும் அழிந்தது. 1930இல் மாட் கன்னிங்டன் அகழாய்வு செய்து அவை நின்ற இடங்களைக் கண்டறிந்தார். இப்போது கான்கிரீட் அடையாளங்கள் அந்த இடங்களைக் காட்டுகின்றன. இங்கிருந்துதான் 139 கிலோமீட்டர் நீளமுள்ள ரிட்ஜ்வே பாதை வடகிழக்கே புறப்படுகிறது. பழங்கால மக்கள் ஈரமான பள்ளத்தாக்குகளைத் தவிர்த்து மேட்டு முதுகின் வழியே போன தடம் அது. பாதைக்கு அருகே கிடக்கும் ஒரு கல்லின் மேற்பரப்பில் விரல் நுழையும் ஆழத்தில் நீண்ட பள்ளங்களும் வழவழப்பான ஒரு குழிவும் இருக்கின்றன. புதிய கற்கால மக்கள் கோடாரிகளைத் தீட்டித் தேய்ந்த தடங்கள் அவை. ரிட்ஜ்வேயில் சிறிது தூரம் நடந்து மேற்கே திரும்பினால், பழைய சாக்சன் காலத்து வழி ஒன்று மீண்டும் ஏவ்பரியின் கற்களுக்கு இடையில் கொண்டுவந்து விடுகிறது. மொத்தம் பத்து கிலோமீட்டர் அளவுக்கு நடை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இந்த ஒரு சுற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

காரில் போனாலும் இவை அனைத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் காரில் போகிறவருக்குக் கிடைப்பவை தனித்தனி நிறுத்தங்கள். நடப்பவருக்கு அவற்றுக்கு இடையேயான தொடர்பு கிடைக்கிறது. சில்பரி எந்தத் திருப்பத்தில் மறைகிறது, எந்த மேட்டில் மறுபடி தலைகாட்டுகிறது, கல்லறை மேட்டிலிருந்து எது தெரிகிறது, தண்ணீர் எங்கே இருக்கிறது, ஊர் ஏன் அந்தத் தாழ்வில் அமைந்தது என்பவை எல்லாம் நடையின் வேகத்தில்தான் பிடிபடும். இந்த நிலத்தை அமைத்தவர்களும் நடந்துபோனவர்களே. சேங்சுவரியையும் ஏவ்பரியையும் இணைத்து இரண்டரை கிலோமீட்டருக்கு இணை இணையாகக் கற்களை நட்டார்கள். இரு வரிசைக்கும் நடுவே ஊர்வலமாக நடந்துபோகவே அது அமைக்கப்பட்டது என்று கருத எல்லா இடமும் இருக்கிறது. நடப்பதற்காக அமைத்த நிலத்தை நடந்து பார்ப்பதே அதைப் படிக்கும் சரியான முறை.

பாதை போட்டவர்கள்

கல்வட்டத்தையும் குன்றையும் பெருந்திட்டம் போட்டுக் கட்டினார்கள். ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவற்றை யாரும் திட்டமிடவில்லை. குடிசையிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து மாவு ஆலைக்கு, ஊரிலிருந்து சந்தைக்கு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு என்று அன்றாடத் தேவைக்கு நடந்த கால்களே அவற்றைப் போட்டன. இன்றைய வரைபடத்தில் ஒரு தேவாலயத்தை நோக்கி ஐந்தாறு பச்சைக் கோடுகள் பல திசைகளிலிருந்து வந்து கூடுவதைப் பல ஊர்களில் காணலாம். ஒவ்வொரு கோடும் ஒரு குடியிருப்பிலிருந்து மக்கள் வழிபாட்டுக்கு வந்த திசை. சாவுக்கும் தனிப் பாதைகள் இருந்தன. இடுகாட்டு உரிமை தாய்த் தேவாலயத்துக்கு மட்டுமே இருந்த காலத்தில், தொலைவான குடியிருப்புகளிலிருந்து சவப்பெட்டியைத் தோளில் சுமந்து மலையோரமாக வருவார்கள். ஏரி மாவட்டத்தில் ரைடலிலிருந்து கிராஸ்மியருக்குப் போகும் அத்தகைய பாதை இன்றும் இருக்கிறது. சுமந்து வந்தவர்கள் பெட்டியை இறக்கிவைத்துத் தோளாற்றிய கல்லும் அந்தப் பாதையோரத்தில் இருக்கிறது. அரண்மனையும் மடாலயமும் பிரபுக்களின் வரலாற்றைச் சொல்லும். பெயர் எழுதிவைக்கப்படாத உழவர்களும் சலவைக்காரிகளும் கூலிகளும் விட்டுச்சென்ற ஆவணம் பாதைதான்.

அடைத்தவர்களும் திறந்தவர்களும்

அந்த ஆவணத்தைப் பெருமளவில் கிழித்துப்போட்டது வேலியடைப்புக் காலம். ஊர்ப் பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலத்தையும் திறந்த வயல்களையும் நாடாளுமன்றச் சட்டங்களின் மூலம் தனித்தனிப் பட்டாவாக்கி வேலியிட்டார்கள். 1604க்கும் 1914க்கும் இடையில் இப்படி 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. அவற்றால் அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர்; இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நிலம் போனதோடு பாதைகளும் போயின. 1815ஆம் ஆண்டின் சட்டம், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் சேர்ந்து ஒரு பாதை தேவையில்லை என்று தீர்மானித்தால் அதை மூடிவிடலாம் என்றது. மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் நிலக்கிழார்களாகவோ அவர்களுடைய அயலாராகவோ இருந்ததால், எந்தப் பக்கம் தீர்ப்பு சாய்ந்தது என்று விளக்க வேண்டியதில்லை. நார்த்தாம்ப்டன்ஷயரின் ஹெல்ப்ஸ்டன் ஊரில் கூலி வேலை செய்த கவிஞர் ஜான் கிளேர், 1809இன் சட்டத்தால் தன் ஊர் வேலிக்குள் போனதைக் கண்டவர். சிறுவயதில் தடையில்லாமல் திரிந்த இடங்களில் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் முளைத்த துயரம் அவருடைய கவிதைகளின் அடிநாதமானது.

எதிர்ப்பு தொழில் நகரங்களில் அமைப்பு வடிவம் பெற்றது. 1826இலேயே மான்செஸ்டரில் பழைய நடைபாதைகளைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. ஆறு நாள் ஆலைப் புகையில் உழைத்தவர்களுக்கு ஏழாம் நாள் மூச்சுவிட ஊருக்கு வெளியே போகும் பாதை வேண்டியிருந்தது. 1896 செப்டம்பரில் போல்ட்டன் நகரில், வின்ட்டர் ஹில் குன்றுக்குப் போகும் வழியை நிலக்கிழார் அடைத்ததை எதிர்த்துச் சுமார் 10,000 பேர் திரண்டு நடந்தார்கள். வழக்கில் அவர்கள் தோற்றார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷயரின் கின்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் அத்துமீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. ஐந்து பேருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. எழுபது ஆண்டுகள் கழித்து, 2002இல், அந்த நிலத்தைப் போராட்டக் காலத்தில் வைத்திருந்த டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் அன்றைய தலைவர் தம் முன்னோரின் செயலுக்குப் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். இந்தப் போராட்டங்களுக்கும், ஆண்டுக்கணக்கில் மனு எழுதியும் நீதிமன்றப் படியேறியும் உழைத்த பாதைச் சங்கங்களுக்கும் பலன் 1949இல் கிடைத்தது. தேசியப் பூங்காக்கள் சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது; ஒவ்வொரு கவுன்ட்டி நிர்வாகமும் தன் எல்லைக்குள் இருக்கும் பொதுவழிகளை அளந்து அதிகாரபூர்வ வரைபடத்தில் பதிய வேண்டும் என்றது. 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, கின்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் மாவட்டம்.

பழைய ஊர்களைக் காக்கும் இயக்கத்துக்கும் இந்தப் போராட்டத்துக்கும் உள்ள உறவு பலர் கவனிக்காதது. இன்று ஏவ்பரியைப் பராமரிப்பதும், அதே வில்ட்ஷயரில் லேக்காக் என்ற இடைக்கால ஊரை ஏறத்தாழ முழுவதுமாக வைத்திருப்பதும் நேஷனல் டிரஸ்ட். 1895இல் அதை நிறுவிய மூவர் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹன்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி. ஹன்டர், 1865இல் தோன்றிய ஊர்ப்பொது நிலப் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கறிஞர். ஹில் அதே சங்கத்தில் உழைத்தவர். ரான்ஸ்லி தலைவராக இருந்த கெஸ்விக் பாதைச் சங்கத்தின் போராட்டத்தில், 1887இல் சுமார் 2,000 பேர் அடைபட்ட வழியைத் திறந்துகொண்டு லாட்ரிக் குன்றின் மேல் ஏறினார்கள். அந்த வழக்கு சமரசத்தில் முடிந்து, உச்சிக்குப் போகும் ஒரு பாதை மக்களுக்குக் கிடைத்தது. பாதைக்கும் பொது நிலத்துக்கும் வாதாடியவர்கள்தாம், நாட்டின் அழகிய இடங்களையும் பழைய கட்டடங்களையும் மக்கள் சார்பில் வாங்கிவைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எதிர்வாதங்கள்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஏவ்பரியைக் காத்தது நடந்துபோனவர்களா? கட்டட மனைகளாகப் பிரிய இருந்த நிலத்தை 1870களின் தொடக்கத்தில் விலைக்கு வாங்கிக் காத்தவர் வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பக். 1930களில் புதைந்து கிடந்த கற்களை எடுத்து நிறுத்தியவர் மார்மலேட் நிறுவனக் குடும்பத்து வாரிசான அலெக்சாண்டர் கெய்லர். 1943இல் அவர் அதை நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார். லப்பக்கின் விடாமுயற்சியால் 1882இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இவை எல்லாம் உண்மை. அவர்களுக்குரிய நன்றியில் ஒரு துளியும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1882இன் சட்டம் கல்லைக் காத்ததே தவிர, கல்லருகே போகும் உரிமையை மக்களுக்குத் தரவில்லை. செல்வந்தர் ஒருவரின் நல்ல மனம் காத்த இடம், அவருடைய வாரிசின் மனத்தைப் பொறுத்தே திறந்திருக்கும். பாதை இருந்தால் யாருடைய மனத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மேலும் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றவை கற்களும் மேடுகளும் மட்டுமே. அவற்றுக்கு இடையே கிடக்கும் வயலையும் ஓடையையும் சிற்றூரையும் ஒரே கதையாகக் கோத்து வைத்திருப்பது பாதை.

இரண்டாவது மறுப்பு உழவருடையது. சொந்த வயலில் ஊர்பேர் தெரியாதவர் நடக்கலாம் என்றால் பயிர் என்னாவது, கால்நடை என்னாவது, வீட்டுக்காரரின் நிம்மதி என்னாவது? நியாயமான கேள்வி. சட்டம் இதைக் காதில் போட்டுக்கொண்டிருக்கிறது. வயலின் குறுக்கே போகும் பாதையை உழவர் உழுதுகொள்ளலாம். ஆனால் விதைப்புக்காக உழுதால் 14 நாளுக்குள் பாதையைச் சீராக்கி, குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் தடம் தெரியும்படி விட வேண்டும். வரப்போரமாகப் போகும் பாதையை உழக் கூடாது. அதற்கு ஒன்றரை மீட்டர் அகலம். கறவை இனக் காளைகளில் பத்து மாதத்துக்கு மேற்பட்டவற்றைப் பொதுவழி போகும் நிலத்தில் விடக் கூடாது. பிற இனக் காளைகளைப் பசுக்களோடு சேர்த்தே விட வேண்டும். நடப்பவருக்கும் எல்லை உண்டு: பாதையை விட்டு விலகிப் பயிருக்குள் இறங்கினால் அது அத்துமீறல். பாதையை வேறு பக்கம் திருப்ப வேண்டிய அவசியம் வந்தால் உழவர் விண்ணப்பிக்கலாம்; ஊரார் ஆட்சேபிக்கலாம்; பொது விசாரணை முடிவு செய்யும். இரு பக்கத்துக்கும் கடமை விதித்திருப்பதால்தான் இந்த ஏற்பாடு இத்தனை காலம் நீடிக்கிறது.

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. ஒரு மீட்டர் அகலக் கோட்டில் நடக்கவிட்டுவிட்டு இதை மக்கள் உரிமை என்று கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் மலை, தரிசு மேடு, ஊர்ப்பொது நிலம் ஆகியவற்றில் விருப்பம்போல் திரியும் உரிமையைத் தந்தது. அது இங்கிலாந்தின் நிலத்தில் சுமார் 8 சதவீதத்துக்கே பொருந்தும். பக்கத்திலிருக்கும் ஸ்காட்லாந்திலோ 2003இன் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலத்திலும் நீர்நிலைகளிலும் போய்வரலாம். இந்த விமர்சனம் சரியானது. இங்கிலாந்தின் ஏற்பாடு இன்னும் விரிவடைய வேண்டும் என்பதற்கே அது சான்று. பாதைகளின் மதிப்பைக் குறைக்கும் சான்றாகாது. திறந்த மலைமேடுகள் ஊர்களிலிருந்து தொலைவில் இருக்கின்றன. பாதைகளோ ஊரின் வாசலில் தொடங்குகின்றன. தேவாலயத்தையும் ஆலையையும் பண்ணையையும் தொட்டுக்கொண்டு போகின்றன. மனிதர் வாழ்ந்த வரலாற்றைப் பார்க்க விரும்புபவருக்கு முதலில் வேண்டியது அந்தக் கோடுதான்.

பார்வையாளர் கூட்டம் ஊரையே காட்சிப்பொருளாக்கிவிடுகிறது என்பது நான்காவது மறுப்பு. இதுவே மிகவும் வலுவானது. கிளஸ்டர்ஷயரின் பைபரி ஊரில் 1380இல் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளான ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை உண்டு. அதைப் படம்பிடிக்கப் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் கூட்டத்தால் குறுகிய தெரு திணறுகிறது என்பது ஊராரின் குறை. ஏவ்பரியிலேயே, கல்வட்டத்தைத் தெளிவாகக் காட்டுவதற்காக உள்ளே இருந்த வீடுகள் சிலவற்றை இடித்துக் குடும்பங்களைப் பக்கத்து ஏவ்பரி ட்ரஸ்லோவுக்குக் குடியேற்றினார்கள். பழமையைக் காக்கிறோம் என்று வாழ்பவர்களை வெளியேற்றிய அந்தச் செயல் நம்மை யோசிக்க வைக்க வேண்டும். ஆனால் இந்தச் சேதங்களைச் செய்தது எது? ஊர் முழுவதையும் விட்டுவிட்டு ஒரே காட்சியின் மேல் எல்லாரையும் கொண்டுபோய்க் குவிக்கும் பார்வைதான். பாதை செய்வது இதற்கு நேர்மாறு. கூட்டத்தைப் பல கிலோமீட்டருக்குப் பரப்புகிறது. விளம்பரத்தில் வராத அடுத்த ஊரின் தேநீர்க் கடைக்கும் மதுக்கடைக்கும் விருந்தினரைக் கொண்டுபோகிறது. நடப்பதாலும் தேய்மானம் உண்டு என்பது சரியே. அரிப்பைத் தடுக்கவே சில்பரியின் மேல் ஏறுவதைத் தடை செய்திருக்கிறார்கள். தடை போட்ட பிறகும் சுற்றிவரும் பாதையிலிருந்து அதை எல்லாரும் பார்க்க முடிகிறது. அந்தக் குன்றின் உச்சி 2000ஆம் ஆண்டில் உள்வாங்கியதற்குக் காரணம், புதையலும் விடையும் தேடி 1776இல் மேலிருந்து தோண்டிய குழி. நடந்தவர்களின் கால்கள் அல்ல.

பாதைகளை மூடினால் என்ன ஆகும் என்ற பாடத்தை 2001இல் நாடே படித்தது. கால்நடைகளுக்குக் கோமாரி பரவியதும் நாட்டுப்புறப் பாதைகளை ஏறத்தாழ முழுவதுமாக மூடினார்கள். நோயினால் பொதுத்துறைக்கு 300 கோடி பவுண்டுக்கு மேலும் தனியார் துறைக்கு 500 கோடி பவுண்டுக்கு மேலும் இழப்பு என்று தேசியத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. தனியார் துறை இழப்பில் பெரும்பகுதி சுற்றுலாவையும் அதைச் சார்ந்த தொழில்களையும் தாக்கியது. மாடு வளர்க்காத விடுதிக்காரரும் கடைக்காரரும் பாதையை நம்பித்தான் பிழைக்கிறார்கள் என்பதை அந்த ஆண்டு எல்லாருக்கும் உணர்த்தியது.

நடப்பதே சாட்சி

இந்த உரிமையின் ஆதாரம் எது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். 1932இல் வந்து 1980இன் நெடுஞ்சாலைச் சட்டத்தில் தொடரும் விதி இது: பலவந்தம் செய்யாமல், ஒளிவுமறைவு இல்லாமல், அனுமதி கேட்காமல், தடையின்றி 20 ஆண்டுகள் மக்கள் ஒரு வழியில் நடந்திருந்தால், உரிமையாளர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளலாம். அப்படி எண்ணம் இல்லை என்பவர் முறையாக அறிவித்திருக்க வேண்டும். இந்த இருபதாண்டுக் கணக்கு நமக்கும் புதிதில்லை. 1832இன் ஆங்கிலேயச் சட்டத்தில் தனியார் வழி உரிமைக்கு வைத்த அதே அளவைத்தான் 1882இன் இந்திய வழியுரிமைச் சட்டமும் எடுத்துக்கொண்டது; அது முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் ஒன்று சென்னை மாகாணம். வண்டிப்பாதை வழக்குகளில் ‘இருபது வருஷப் புழக்கம்’ என்று நம் ஊர்களில் இன்றும் பேசுவதன் வேர் அங்கே இருக்கிறது. கல்வெட்டோ பட்டயமோ இல்லாத ஏழைக்கு அவனுடைய நடையையே சாட்சியமாக ஏற்கிறது இந்த விதி.

அந்தச் சாட்சியத்துக்குக் காலக்கெடு வைக்கும் முயற்சியும் நடந்தது. 2000ஆம் ஆண்டின் சட்டம், பழைய பாதைகளை 2026க்குள் அதிகாரபூர்வ வரைபடத்தில் பதியாவிட்டால் அவற்றின் உரிமை போய்விடும் என்றது. ராம்ப்ளர்ஸ் என்ற நடையாளர் அமைப்பின் தொண்டர்கள் 2020இல் பழைய வரைபடங்களையும் இன்றைய வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட வழிகள் பதிவில் விட்டுப்போயிருப்பது தெரியவந்தது. கெடு 2031க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. அலுவலகக் கோப்பில் பதியாததால் மட்டும் ஒரு பாதை பாதையில்லாமல் போய்விடாது என்ற நிலைப்பாடே சரி. எழுதிவைக்கத் தெரியாதவர்கள் போட்ட வழியை, எழுதிவைக்கவில்லை என்ற காரணத்துக்காகப் பறிப்பது அநீதி.

பிள்ளைகளைப் பார்க்கவோ படிக்கவோ வேலைக்கோ இங்கிலாந்து போகும் நம்மவர்கள் இன்று ஏராளம். லண்டனின் அரண்மனைகளையும் அருங்காட்சியகங்களையும் பார்த்து முடித்த பின் ஒரு நாளை நாட்டுப்புறத்துக்கு ஒதுக்குங்கள். வரைபடத்தில் ஒரு பச்சைக் கோட்டைத் தேர்ந்தெடுத்து, தண்ணீர் புகாத காலணி அணிந்து நடந்து பாருங்கள். திறந்த கதவை மூடுங்கள்; கன்றோடு நிற்கும் பசுக்களை விலகிக் கடந்துபோங்கள்; சில்பரியின் மேல் ஏறாதீர்கள். பாதை அடைபட்டிருந்தால் கவுன்ட்டி நிர்வாகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். அதற்கு அந்நாட்டுக் குடியுரிமை தேவையில்லை. மன்னர்கள் கட்டியதைக் காக்க அரசுக் கருவூலம் போதும். மக்கள் போட்ட பாதையை மக்கள் நடந்துதான் காக்க முடியும்.